ஜன்னல் பக்கத்துக் கிளைகள்

அவர் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டதுமே அடுப்பை அணைத்துவிட்டு, கத்தரியும் களைக்கொத்துமாகச் சந்துக்கு வந்துவிட்டேன். டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் பார்த்து, பஸ் ஸ்டாண்டுப் பழைய ஆட்கள் யாராவது அகப்பட்டால் நின்று பேசி, பால் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் இந்த இட்லிப்பூச் செடிக்கு என்ன கேடு என்று பார்த்துவிட வேண்டும். அவர் இருக்கும்போது பார்க்க முடியவில்லை. முன்பென்றால் பக்கத்தில் நின்றுகொண்டு, "டாக்டரம்மா, நாடி எப்படி ஓடுது, பெட்ல சேக்கணுமா?" என்று கேலி பேசுவார். இப்போது அதுவும் இல்லை. நேற்று நான் குனிந்து பார்த்தபோது, "விடு, செடிதான, வெட்டி எறிஞ்சிட்டு வேற வை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பத்தொன்பது வருசத்துச் செடி. இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று வைத்தது. அதை எப்படி வெட்டி எறிவது. அதிலும் எதிர்வீட்டு வள்ளிமயில் அப்படி ஒரு வார்த்தை சொன்ன பிறகு. கருவேப்பிலை கேட்டு வந்தவள், வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே, சந்துக்குள் எட்டிப் பார்த்து, "குடிவந்தன்னைக்கு வச்ச செடி பட்டா வீட்டு ஆம்பளைக்கு ஆகாதும்பாங்கக்கா, எங்க சித்தி வீட்டுல அப்படித்தான்" என்றாள். "உங்க சித்தப்பாவுக்கு வயசு எம்பத்தேழு, செடி பட்டதுனாலயா போனாரு?" என்று சுள்ளென்று கேட்டு அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டேன், ஆனால் வார்த்தை போகவில்லை. மூன்று நாளாக மாவு ஆட்டும்போதும் துணி மடிக்கும்போதும் அது கூடவே இருக்கிறது. தெருவில் யார் வீட்டுச் செடிக்கு என்ன வந்தாலும் இலையைக் கிள்ளிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள், இது மாவுப்பூச்சி, இது தண்ணி கூடிப்போச்சு, இது ஒண்ணுமில்லை வெயில் என்று பட்டுப்பட்டென்று சொல்லி அனுப்புகிறவள் நான். என் செடி என்று வரும்போது எனக்குக் கை ஓடவில்லை.

பயந்தால் ஆகாது. நுனியிலிருந்து பார்ப்போம். இந்தக் கிளை முழங்கை அளவுக்குக் காய்ந்துவிட்டது, இலை ஓரத்திலிருந்து தீய்ந்து உள்ளே வந்திருக்கிறது, அப்பளம் கருகுவது மாதிரி. கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கீறுகிறேன். உள்ளே பழுப்பு. ஒரு சாண் கீழே. பழுப்பு. இன்னும் கீழே. பழுப்புதான். இப்படிக் கீறிக்கொண்டே வரும்போது எங்காவது ஒரு இடத்தில் பச்சை வரும், அந்த இடத்துக்குக் கீழே வெட்டினால் செடி பிழைத்துக்கொள்ளும், இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வது. ஆனால் கீறும்போது ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இந்தச் செடியைத் தூக்கிக்கொண்டு வந்தது அவர்தான். நத்தம் பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, முன் சீட்டில் தொட்டியை வைத்து, அது சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார். தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவர் குரல் கொடுத்தால் கடைசி பிளாட்பாரத்தில் நிற்கிற டிரைவர் வண்டியை எடுப்பான். இறங்கி வரும்போதே தெருமுனையிலிருந்து, "ஏ சண்முகக்கனி, ஒனக்கு ஒரு பிள்ளையக் கொண்டாந்திருக்கேன்!" என்று கத்தினார், தெருவே வாசலுக்கு வந்துவிட்டது, எனக்கு வெட்கத்தில் உயிரே போயிற்று. அப்போது வாயில் வெற்றிலையும் புகையிலையும் குதப்பிக்கொண்டிருந்தார், எப்போதும்போல. அந்தப் பழக்கத்தை விடச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போயிற்று. அடுத்த கிளை. கீறுகிறேன். பழுப்பு. அதற்கு அடுத்தது. பழுப்பு. காம்பவுண்டுச் சுவர்ப் பக்கத்துக் கிளையை இழுத்துக் கீறினால் பச்சை, ஈரப் பச்சை, நகத்தில் ஒட்டுகிறது. இன்னொன்று, அதுவும் பச்சை. கொத்துக்கொத்தாகப் பூ வேறு. அப்படியென்றால் செடி முழுக்கப் போகவில்லை. வீட்டுப் பக்கம், இந்தப் பின்னறை ஜன்னலைப் பார்த்த பக்கம் மட்டும்தான் போயிருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும். இது ஏன் எனக்கு முதலிலேயே படவில்லை. போட்டோ எடுத்து நர்சரிக்காரருக்கு அனுப்பினேன், அவர் நேற்றுப் போனில், "ஒரு சைடு மட்டும் கருகுதுன்னா மேல பாத்துப் பிரயோஜனமில்லம்மா, அந்தச் சைடு வேரைப் பாருங்க, அங்க ஏதோ நடக்குது" என்றார். அங்கே ஏதோ நடக்கிறது. அந்த வார்த்தை வள்ளிமயில் வார்த்தையைவிட மோசமாக இருந்தது. சரி, ஒவ்வொன்றாகக் கழிப்போம். தண்டு துளைக்கும் புழுவா? காய்ந்த கிளையை வெட்டி நெடுகப் பிளந்து பார்த்தேன், ஓட்டை இல்லை, தூள் இல்லை. எறும்பு ஏறவில்லை. இலைக்கு அடியில் வெள்ளையாக எதுவும் இல்லை. அடித்தண்டில் பிசின் இல்லை, பட்டை உரியவில்லை. வேர் அழுகலா? அழுகினால் முகர்ந்தாலே தெரியும். போர்த் தண்ணி கெட்டுவிட்டதா? அப்படியென்றால் கருவேப்பிலையும் நந்தியாவட்டையும் சும்மா இருக்குமா, அதுகளுக்கும் அதே ஹோஸ்தான். சுண்ணாம்பு? வெள்ளையடித்து ஏழு வருசம் ஆயிற்று, அதைத்தான் அவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஜன்னலுக்குக் கீழே சுவரில் மஞ்சளாகக் கறை இறங்கி அசிங்கமாக இருக்கிறது, ஆளைக் கூப்பிடுங்கள் என்று. பார்ப்போம் பார்ப்போம் என்கிறார். எல்லாவற்றுக்கும் பார்ப்போம். ஓசூரில் இருக்கிற மகள் வரச் சொல்கிறாள், அதற்கும் பார்ப்போம். வெளியில் வெயில் ஏறிவிட்டது, மலைக்கோட்டைப் பாறை இங்கிருந்தே பளபளக்கிறது, சித்திரை. பொங்கலுக்குப் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை. வெயில்தான் காரணம் என்று வைத்துக்கொண்டால் என்ன? வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெயில் படுவது காம்பவுண்டுப் பக்கம். ஜன்னல் பக்கம் சன்ஷேடு நிழல். நிழலில் இருப்பது காய்கிறது, வெயிலில் இருப்பது பூக்கிறது. இதை நினைத்ததும் மறுபடி அந்த வார்த்தை வந்து நிற்கிறது. வீட்டு ஆம்பளைக்கு ஆகாதும்பாங்க. சீ. அவருக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறார். கொஞ்சம் இளைத்திருக்கிறார். வேட்டியை இடுப்பில் இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டுகிறார். அறுபத்திரண்டு வயதில் இளைத்தால் நல்லதுதானே, சர்க்கரை வராது.

கொத்துகிறேன். மண் மேலே கட்டியாக இருக்கிறது, கொத்து இறங்கவில்லை, ஓடு மாதிரி பெயர்ந்து வருகிறது. இது நான் போட்ட மண் இல்லை. நான் வருசா வருசம் எருவும் மணலும் கலந்து பொலபொலவென்று வைத்திருப்பேன். பெயர்ந்த ஓட்டைத் திருப்பினால் வேர் பழுப்பாகக் கருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேல்புறம், இதென்ன, சாம்பலா? வெள்ளையாக. ஓரத்தில் மினுமினுப்பாக. எனக்குத் தெரியும். பார்த்தவுடனே எனக்குத் தெரியும், ஆனாலும் கை தானாக விரலை நனைத்துத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டது. உப்பு. தூத்துக்குடியில் உப்பளத்தில் வேலை செய்தவர் மகள் நான். பள்ளிக்கூட லீவில் அப்பாவுக்குச் சோறு கொண்டு போவேன், பாத்தி ஓரத்தில் இப்படித்தான் முதலில் பூக்கும், முகத்துக்குப் போட்ட பவுடர் திட்டுத்திட்டாக நிற்பது மாதிரி. அப்பா விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, இன்னும் ரெண்டு நாள் ஆகும் என்பார். நாக்கால் நாள் சொல்வார். அந்த மண்ணில் ஒரு பூச்செடி நிற்காது, உப்புக்கு வேர் தாங்காது, தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாமல் காயும். அப்பாடா. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, தனியாக நின்று சிரிக்கிறேன், வள்ளிமயில் பார்த்தால் அதற்கும் ஒன்று சொல்வாள். சகுனமும் இல்லை, சாபமும் இல்லை, உப்பு. வெறும் உப்பு. இதற்கு வைத்தியம் உண்டு. மேல் மண்ணை வழித்து எறிந்துவிட்டு, குடம் குடமாக நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றி இறக்கிவிட்டால் போதும், ஆறே மாதத்தில் அடியிலிருந்து துளிர் வரும். அவர் வந்ததும் சொல்ல வேண்டும், உங்க பிள்ளை பொழச்சிருச்சு என்று. இரண்டு குடம் இங்கேயே நிரப்பிக்கொள்ளலாம், ஹோஸ் எட்டும். ஒரு நிமிஷம். உப்பு எங்கிருந்து வந்தது?

உப்பு தானாக வராது. யாரோ போட்டிருக்க வேண்டும். வள்ளிமயிலா, செய்வினையா, சே, என் புத்தி போகிற போக்கைப் பார். நானேதானா? நான் போடுவது உண்டு. அவர் இளைக்கிறாரே, யார் கண் பட்டதோ என்று மாசியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அவரை உட்கார வைத்துக் கல்லுப்பும் மிளகாயும் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றிப் போடுகிறேன். பேசாமல் உட்கார்ந்திருப்பார். முன்பு ஒத்துக்கொள்ளவே மாட்டார், "போடி, ஒன் கண்ணவிட எந்தக் கண்ணு என் மேல படுது" என்பார். இப்போது குழந்தை மாதிரி உட்கார்ந்திருக்கிறார், போன வாரம் கண்ணை வேறு மூடிக்கொண்டார். ஆனால் அந்த மிளகாய் அடுப்புக்குப் போகும், உப்பை வாசல் சாக்கடையில் தண்ணீர் விட்டுக் கரைத்துவிடுவேன், இந்தப் பக்கம் கொண்டு வந்ததே இல்லை. அப்படியென்றால் வேறு உப்பு. உப்பு ஜாடி. உப்பு ஜாடி ஏன் சீக்கிரம் காலியாகிறது என்று போன மாதம் யோசித்தேனே, இரண்டு பேர் சமையலுக்கு ஒரு பாக்கெட் கல்லுப்பு எத்தனை நாள் வரும், நான்தான் கை தவறிப் போடுகிறேனோ, வயதாகிறதோ என்று பயந்து, குழம்பை இரண்டு தடவை ருசி பார்க்க ஆரம்பித்தேன். மஞ்சள் தூளும்தான். மஞ்சள். நிமிர்ந்து பார்க்கிறேன். ஜன்னல் கம்பிக்கு அடியில் கறை தொடங்குகிறது. மழைக் கறை என்று நினைத்தேன். மழைதான் பெய்யவே இல்லையே. ஜன்னல் கட்டையிலிருந்து ஆரம்பித்து, ஒன்றல்ல, நாலைந்து கோடுகளாக, தெறித்த புள்ளிகளோடு, சுவர் வழியாக இறங்கி நேரே இந்த வெள்ளை ஓட்டுக்கு வந்து முடிகிறது. உள்ளேயிருந்து துப்பினால் இப்படித்தான் தெறிக்கும். அது பின்னறை. மாசி மாதம், "எனக்குக் குறட்டை கூடிப்போச்சு, நீ தூங்கணும்ல" என்று சொல்லித் தலையணையை எடுத்துக்கொண்டு அவர் போய்ப் படுத்துக்கொண்ட அறை.

மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீர். பல் வலி என்றால், தொண்டை கட்டினால், வாய்ப்புண் என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் முதலில் கொடுப்பது அதுதான், நானே எத்தனை தடவை கொதிக்க வைத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாள் கொப்பளித்தால் சரியாகிவிடும். இரண்டு நாள் கொப்பளித்தால் செடி சாகாது. வேர் கருகி, மண் ஓடாகி, முழங்கை முழங்கையாகக் கிளை போக எத்தனை நாள் ஆகும், அதை என்னைவிட யாருக்குத் தெரியும். மூன்று மாதம். காலையும் மாலையும், நான் மிக்ஸியை ஓட்டும் நேரம் பார்த்து, வாஷ் பேசினுக்குப் போனால் எனக்குக் கேட்கும் என்று, ஜன்னல் வழியாக. மூன்று மாதமாக ஆறாத புண். ஐயோ, பொங்கல் கழிந்து வெற்றிலையை விட்டாரே. "வேண்டாம்னு தோணிச்சு, விட்டுட்டேன்" என்றார். முப்பது வருசம் நான் கரடியாகக் கத்தி நடக்காதது நடந்துவிட்டது என்று பணியாரம் சுட்டுக் கொடுத்தேன் அன்றைக்கு. தெரு முழுக்கச் சொன்னேன். மகளுக்குப் போன் போட்டு, "ஒங்கப்பா திருந்திட்டாருடி" என்றேன். அவர் அந்தப் பணியாரத்தைப் பிய்த்துப் பிய்த்துப் பாலில் ஊற வைத்துத் தின்றார், நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காரம் வேண்டாம் என்றார், வயிற்றில் எரிச்சல் என்று நினைத்தேன். ஊறுகாயைத் தொடவில்லை, பிரஷருக்கு நல்லது என்று நினைத்தேன். தயிர்சாதம் தயிர்சாதம் என்றார், நல்ல பிள்ளை என்றேன். பேச்சு குறைந்தது, ரிட்டையர் ஆன வருத்தம் என்று நானே ஒரு பெயர் வைத்துவிட்டேன். பக்கத்தில் படுக்க வேண்டாம் என்று போனார். குறட்டைக்காக இல்லை. வாய் நாற்றம் எனக்குத் தெரியக் கூடாது என்று போயிருக்கிறார். நான் அன்றைக்கு நிம்மதியாகக் கையைக் காலை நீட்டித் தூங்கினேன். ஊரார் கொண்டு வரும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கண், எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷனை ஒரு தடவை பார்க்கவில்லையே, பாவி நான். அவர் ஏன் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும். டிரைவர் சவரிமுத்து. இவரோடு சேர்ந்து புகையிலை போட்டவர், தாடையில் பாதியை எடுத்துவிட்டார்கள், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு படுத்திருந்தவரைப் பார்த்துவிட்டு வந்து இவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "எனக்கு இப்படி ஒண்ணு வந்தா அறுக்க விட்டுறாத, கனி, அப்படியே போயிர்றேன்" என்றார். "வாயைக் கழுவுங்க, பேச்சப் பாரு" என்று அதட்டினேன். அன்றிலிருந்து அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கழுவிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சாதாரணப் புண்ணாக இருக்கலாம். பல் உடைந்து குத்தியிருக்கலாம், பலருக்கு அப்படி இருந்து தானே ஆறியிருக்கிறது. இருக்கலாம். வெயில்தான் காரணம் என்று சொன்னேனே, அதே மாதிரி இதுவும் இருக்கலாம். கேட்காமல் விட்டால் என்ன? இந்த மண்ணை மூடிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, இட்லியை எடுத்து வைத்துவிட்டால்? இன்னும் ஒரு நாள். சகுனம் என்றே நினைத்துக்கொண்டு, ஒரு விளக்கைப் போட்டுவிட்டு, இன்னும் ஒரே ஒரு நாள் தெரியாமல் இருந்துவிட்டால்? கொத்தை ஊன்றிக்கொண்டு நிற்கிறேன். காய்ந்த கிளையில் கீறின இடமெல்லாம் பழுப்புப் பழுப்பாகத் தெரிகிறது. இன்னும் கீழே கீறாமல் விட்டது ஒரு சாண் இருக்கிறது. அதைக் கீறக் கை வரவில்லை.

கேட் திறக்கிறது. செருப்பை உதறும் சத்தம். "கனி" என்று ஒரு கூப்பிடல் இல்லை, இப்போதெல்லாம் கூப்பிடுவதில்லை, நேரே உள்ளே போவார், பாலை வைப்பார், பின்னறைக்குப் போவார். "இங்க வாங்க" என்கிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "ஏங்க, இங்க சந்துக்கு வாங்க." வருகிறார். கையில் பால் பாக்கெட். முதலில் என்னைப் பார்க்கிறார், பிறகு பெயர்த்துப் போட்ட மண்ணை, பிறகு சுவரை. சுவரை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்க்கிறார். "என்னத்துக்கு இப்படித் தோண்டிப் போட்டிருக்க" என்கிறார், உதட்டை அதிகம் அசைக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறவர் மாதிரி. இப்படியா பேசுகிறார்? எத்தனை நாளாக இப்படிப் பேசுகிறார்? "உப்பு" என்கிறேன். விரலில் இருந்த மண்ணை அவர் பக்கமாக நீட்டுகிறேன், ஏதோ அவர் நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்போல. எந்தச் செடி எக்கேடு கெட்டால் என்ன என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன், போய்விட வேண்டும் என்றுகூட ஒரு நொடி வேண்டிக்கொண்டேன். அவர் பால் பாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சுற்றிப்போட உட்காருவாரே, அதே மாதிரி, கையை மடியில் வைத்துக்கொண்டு. குழாயில் கையைக் கழுவினேன், நகத்து இடுக்கில் இருந்த பச்சை போகவில்லை, போகட்டும். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து டார்ச்சைப் போட்டேன். அவர் தாடையை நிமிர்த்தினேன், தாடி குத்தியது, இவ்வளவு எலும்பா. "திறங்க" என்றேன். திறந்தார். என் விரல் இரண்டுகூட நுழையாத அளவுக்குத் திறந்து நின்றுவிட்டது. வெளிச்சம் பல்லைத் தாண்டி உள்ளே போகவில்லை. "இன்னுங் கொஞ்சம், இன்னும் நல்லாத் திறங்க" என்கிறேன். அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிகிறது.

"இதுக்கு மேல தெறக்க முடியல, கனி," என்றார்.

நான் டார்ச்சை அணைக்கவில்லை. "தெறந்த வரைக்கும் போதும்," என்றேன். "அப்படியே இருங்க. நான் பாக்கறேன்."